எம். சி. சுப்பிரமணியத்தை நினைவுகூர்ந்து ஹரிஸ் பார்க்கில் பேசியது

நாங்கள் கூடியிருக்கிற இந்தத் தாருக் மண்ணில், ஊரில எதிர்ப்பு எண்டால் ஆதிக்குடிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் எண்டது 1972 வரை இருந்த விதி. கேட்டால் கோபம் வருதெல்லே?

யாழ்ப்பாணத்தில ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில இருத்தினது எங்கட ஆக்கள்தான். 'சம ஆசனம்', அதாவது எல்லாருக்கும் ஒரே வாங்கு, எண்டு 1930 வாக்கில் உத்தரவு வர, பள்ளிகளையே கொளுத்தினார்கள். சிங்களவர் இல்லை, தமிழர்.

சிறுபான்மைத் தமிழர் மகாசபையைக் கட்டி நடத்தி, அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காகப் போராடினவர் எம். சி. கம்யூனிஸ்ட், 1970இல் நியமன எம்.பி. தரப்படுத்தலைப் பற்றி எங்கட வீடுகளில மணிக்கணக்காகக் கதைப்பினம். இவர் பெயரை நான் நூலகத்திலதான் முதலில் கண்டேன்.

அடுத்த பழைய மாணவர் சங்க விருந்தில ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ: உங்கட பள்ளியில முந்தி ஆர் நிலத்தில இருந்தவை?