பிந்தி வந்த மாணாக்கர்



கற்பிட்டிக் குடாநாட்டை நீங்கள் அறிவீர்கள். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட மணற்றிட்டு. அங்கே பிறந்த பிள்ளைக்கு நீந்தவும் வலை பொத்தவும் எவரும் வகுப்பு வைத்துக் கற்பிப்பதில்லை. ஆனால் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் கற்க அப்பிள்ளை விடியுமுன் எழுந்து பஸ்ஸிற்குக் காத்து நிற்கவேண்டும். இக்கரையோரத்தில் உயிரியல் ஆசிரியனாகப் பல்லாண்டு கழித்து இளைப்பாறியவன் நான். உரிய காலத்தில் மருத்துவ பீடத்தின் வாயிலை அடையமுடியாமற்போய், வயது முதிர்ந்தபின் அவ்வாயிலைத் தட்ட எண்ணுவோரைப்பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். வயது இருபத்தேழு. பத்தொன்பதாம் வயதில் உயர்தரப் பரீட்சை எழுதினார். மறு ஆண்டு மீண்டும் எழுதினார். இரண்டு முறையும் மருத்துவத்துக்குரிய வெட்டுப்புள்ளி சிறிது உயரத்தில் நின்றுவிட்டது. அந்நேரத்தில் தகப்பனார் நோயுற்றார். மகன் தோணி ஏறினார். ஈராண்டு கடலோடு போயிற்று. பின்னர் ஒரு வைத்தியசாலையிற் சிற்றூழியராகச் சேர்ந்தார். நோயாளரைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. வந்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஆறியபின் கேட்டார்: "சேர், எனக்கு இன்னும் ஒரு முறை மிச்சம் இருக்கிறது. எழுதலாமா?"

இக்கேள்விக்கு உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்த அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு அறுந்தது. அவர்களுள் ஒரு சிறுமி, இரண்டாண்டு பாடசாலையே காணாதிருந்து, பின் தன்னிலும் இளையாரோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்றாள். சாதாரண தரத்தில் அவள் பெற்ற பெறுபேறு எங்களை வியக்கவைத்தது. வைத்தியராக வேண்டுமென்று என்னிடம் வந்து சொன்னாள். நானோ, "காலம் போய்விட்டது, பிள்ளை, விரைவில் உழைக்கக்கூடிய ஒரு வழியைப் பார்" என்றேன். அவள் மறுத்துரைக்கவில்லை. இன்று அவர் குடும்பநல மாதாகக் கடமையாற்றுகிறார். எத்தனையோ தாய்மார் அவரை வாழ்த்துகின்றனர். அத்தொழில் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. எனினும் அதைத் தெரிந்தெடுத்தவர் அவரல்லர், நான். விதிகளைப் புரட்டிப் பாராமலே, கணக்கொன்றும் போடாமலே, ஒரு பிள்ளையின் கேள்விக்கு நான் என் களைப்பிலிருந்து விடை சொன்னேன். அதனால் இம்முறை, விடை சொல்லுமுன் கணக்குப் பார்க்கத் துணிந்தேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையை ஒருவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எவ்வயதிலும் எழுதலாம். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறைகளே கணக்கில் எடுக்கப்படும். ஆகவே நம் நாட்டில் வாயிலை அடைப்பது வயதன்று, எண்ணிக்கையே. மூன்றையும் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்றில் முடித்தவருக்கு இருபத்திரண்டில் வழியில்லை. ஒன்றை மீதி வைத்தவருக்கு இருபத்தேழிலும் வழியுண்டு. பலர் இதை அறியாமல், வயதைக் கண்டு அஞ்சி, கையிலிருக்கும் கடைசி வாய்ப்பைக் கைவிடுகின்றனர்.

அடுத்தது புள்ளி. ஒரு பாடத்தில் எல்லாரும் பெற்ற சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை, அப்பாடப் புள்ளிகளின் பரம்பலோடு ஒப்பிட்டு அளப்பதே இஸட் புள்ளி. 2001 முதல் அனுமதி அதனாலேயே தீர்மானிக்கப்படுகிறது. இவ்வளவை தசமத்தின் நான்காம் தானம் வரை செல்லும். ஒரு பிள்ளை வைத்தியராவதும் ஆகாததும் அந்த நான்காம் தானத்தில் தங்கிய ஆண்டுகளும் உண்டு.

மருத்துவம் முதலிய துறைகளுக்குரிய இடங்களில் நூற்றுக்கு நாற்பது, நாடளாவிய திறமை அடிப்படையில் நிரப்பப்படும். ஐம்பத்தைந்து, இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் குடித்தொகை விகிதப்படி பகிரப்படும். எஞ்சிய ஐந்து, கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு உரியது. அப்பதினாறில் புத்தளமும் ஒன்று. இதனைக் கேட்டு, "அப்படியாயின் நமக்கு வழி இலகுவன்றோ?" என்று நீங்கள் எண்ணலாம். இங்கேதான் ஊன்றிப் பார்க்கவேண்டும். சிலாபமும் வென்னப்புவையும் நாத்தாண்டியாவும் புத்தளம் மாவட்டமே. கண்டக்குழியும் உடப்பும் முந்தலும் புத்தளம் மாவட்டமே. தெற்கே பெரிய பாடசாலையில் ஆய்வுகூடத்தோடும் நிறைந்த ஆசிரியரோடும் கற்ற மாணவனும், களப்பின் ஓரத்தில் பௌதிக ஆசிரியர் மாறிச் சென்று ஒரு தவணை முழுதும் வெற்றுப் பாடவேளைகளோடு கழித்த மாணவனும் ஒரே பட்டியலிலேயே நிற்பர். மாவட்டம் என்னும் அளவுகோல் மாவட்டத்துக்கு உள்ளே இருக்கும் மேடு பள்ளத்தை அளப்பதில்லை.

இப்பள்ளத்திலிருந்து ஏறுவோருக்கே காலம் அதிகம் வேண்டும். காலம் பிந்துதல் அவர்களுடைய சோம்பலாலன்று. கடலும் நோயும் இடப்பெயர்வும் எடுத்துக்கொண்ட காலம் அது.

பிந்தி வந்தோரை உலகம் எவ்வாறு நோக்கியது? அல்பேர்ட் சுவைட்சர் என்னும் பேரறிஞர் ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் விரிவுரையாளராய் இருந்தவர், இசையிலும் வல்லவர். 1905 இல், தம் முப்பதாம் வயதில், அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர விண்ணப்பித்தார். மருத்துவ பீடாதிபதி அவரை மனநோய் வைத்தியரிடம் அனுப்பியிருக்கவே விரும்பியிருப்பார் என்று சுவைட்சரே பின்னர் நகைச்சுவையாக எழுதினார். 1913 இல் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே ஆபிரிக்காவில் லம்பரேனே என்னும் ஆற்றங்கரை ஊருக்குச் சென்று வைத்தியசாலை அமைத்தார்.

நம் தமிழ்நிலத்தில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருக்கு வயது தடையாக இருக்கவில்லை; பிறப்பும் பெண்மையுமே தடைகளாக இருந்தன. புதுக்கோட்டையில் ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. அரசர் ஆதரவால் இடம் பெற்றார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912 இல் வைத்தியரானார். 1954 இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. வழக்கமான வழியில் வாராத ஒருவரை உள்ளே விட்டதனால் அக்கல்லூரி எதை இழந்தது?

இன்று இந்தியாவில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இருந்த மேல் வயதெல்லை 2022 இல் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை வீதம் 2020 முதல் ஒதுக்கப்படுகிறது. பிரித்தானியாவில் வேறு துறையிற் பட்டம் பெற்றோருக்கென நான்காண்டு மருத்துவப் படிப்புகள் உள. நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் அத்தகைய வாயில் இல்லை. தாதியாகப் பத்தாண்டு நோயாளரோடு பழகியவரும், மருந்தாளராக இருப்பவரும், மருத்துவம் கற்க விரும்பின் மீண்டும் உயர்தர வாங்கிலேயே அமரவேண்டும். பத்தாண்டுப் பட்டறிவுக்கு அங்கே ஒரு புள்ளியும் இல்லை. இது ஆராயத்தக்க குறை என்பது என் தாழ்மையான கருத்து.

வெளிநாடு சென்று கற்கும் வழியொன்றும் உண்டு. அதற்குத் தோணியும் காணியும் விலைபோன கதைகளை நான் அறிவேன். பணம் கட்டுமுன் அக்கல்லூரியை இலங்கை மருத்துவப் பேரவை அங்கீகரித்துள்ளதா என்று பேரவையிடமே கேட்டறிதல் வேண்டும்; முகவரின் வாய்ச்சொல் போதாது. திரும்பி வந்தபின் பேரவை நடத்தும் பதிவுப் பரீட்சையிலும் தேறவேண்டும்.

இவ்வளவையும் அந்த இளைஞரோடு அமர்ந்து ஒரு கொப்பித் தாளில் எழுதினேன். தேறினால் இருபத்தெட்டிலோ இருபத்தொன்பதிலோ நுழைவு. படிப்பு ஐந்து ஆண்டு. உள்ளகப் பயிற்சி ஓராண்டு. முப்பத்தைந்தை அண்மிக்கும்போது வைத்தியர். "முப்பத்தைந்தா?" என்று அவர் திகைத்தார். "படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த வயது வரத்தானே போகிறது?" என்றேன். முதன்முறையாகச் சிரித்தார்.

மறுபுறத்தையும் மறைக்கவில்லை. பாடத்திட்டம் மாறியிருக்கிறது, பழைய குறிப்புகள் போதா. இரவுக் கடமைக்குப்பின் படிப்பது கடினம். வீட்டுக்கு வரும் சம்பளம் குறையலாகாது. மருத்துவ பீடத்திற் கற்பித்தல் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் கற்றவருக்கு முதலாண்டு கரடுமுரடானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களும் மொழிபெயர்த்தார். அந்த வழி தொடரவில்லை. ஆகவே இன்றே நாளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கும்படி சொன்னேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைந்நூலை முதலிலிருந்து முடிவுவரை, முக்கியமாக மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதியை, அவரே வாசிக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினேன். பிறர் சொல்லை நம்பி ஒருவர் தம் கடைசி முறையைச் செலவிடலாகாது, என் சொல்லையுங்கூட.

இறுதியாக அவரிடம் கேட்டேன்: "கிடைக்காவிட்டால்?" அவர் சற்றே யோசித்தார். "கிடைக்காவிட்டால் இதே வைத்தியசாலையில் இதே தள்ளுவண்டி, சேர். ஆனால் எழுதாமல் விட்டேனே என்ற எண்ணம் இராது" என்றார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. பிந்தி வந்த ஒரு பிள்ளை உங்களிடம் கேள்வி கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லாதீர்கள். ஒரு தாளை எடுத்து, விதியையும் ஆண்டுகளையும் செலவையும் எழுதிக் கையிற் கொடுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். வயம்பப் பல்கலைக்கழகம் குளியாப்பிட்டியில் மருத்துவ பீடம் தொடங்கியபின், நம் மாகாணத்துக்குள்ளேயே ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதன் வழியே கற்பிட்டி மணலில் நடந்து பழகிய கால்களும் நுழையவேண்டும். களப்புக்கரையின் பேச்சையும் வறுமையையும் அறிந்த ஒரு வைத்தியர், நோயாளி சொல்லாத பாதியையும் விளங்கிக்கொள்வார்.

அந்த இளைஞர் பரீட்சை எழுதிவிட்டார். பெறுபேறு இன்னும் வரவில்லை. குடும்பநல மாதாக இருக்கும் என் பழைய மாணவியைக் கண்டு, அன்று நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "என் மகள் இவ்வருடம் உயிரியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள், சேர், அவளுக்கு அந்தத் தாளை எழுதிக் கொடுங்கள்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.