இழுவையில் படுத்தவருக்கு இரவு நீளம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். நம் குடியிருப்பில் இப்போது ஒருவர் இடுப்பில் டிராக்‌ஷன் போட்டுப் படுத்திருக்கிறார். 2009-ல் என் மனைவி அப்படி 12 நாள் படுத்திருந்தாள், ராத்துணைக்கு நான் இருந்தேன். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது டிஸ்க் நகர்ந்து, வலி இடது காலில் இறங்கிவிட்டது. நர்சிங் ஹோமில் இடுப்புக்கு பெல்ட் கட்டி, கால்மாட்டில் கப்பி வழியாகக் கயிறு விட்டு 8 கிலோ தொங்கவிட்டார்கள். கால்மாட்டைக் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள். எடை ஒரு பக்கம் இழுக்கும்போது உடம்பின் கனம் தலைப்பக்கம் இழுக்க வேண்டும், அதற்குத்தான் அந்தச் சரிவு.

மூன்றாம் இரவு நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணிக்கு, "கொஞ்ச நேரம் இதை எடுத்துவிடுங்களேன்" என்று கெஞ்சினாள். மனசு கேட்கவில்லை. எடைக்கு அடியில் ஸ்டூலை நகர்த்தினேன். ஒரு மணி நேரம் தூங்கினாள். பிறகு ஸ்டூலை உருவினேன். 8 கிலோவும் ஒரே வெட்டாக இறங்கியது. அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காலையில் டாக்டர் வலி கூடியிருக்கிறதே என்றபோது நான் வாய் திறக்கவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் சொன்னேன். "தாங்க முடியாவிட்டால் நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே, எடையைக் குறைத்துக் கொடுத்திருப்போம்" என்றார். கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அதன்பின் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன், பழக்கதோஷம். எப்போது மாத்திரை, எப்போது விழிப்பு என்று நாலு நாள் எழுதியதும் விஷயம் புலப்பட்டது. வலி மாத்திரையை ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு கொடுத்தார்கள், இரண்டு மணிக்கு விழிப்பு. நோட்டைக் காட்டியதும் டாக்டர் மாத்திரை நேரத்தைத் தள்ளி வைத்தார். நீங்களாக மாற்றாதீர்கள், எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று, எனக்கு வெகு தாமதமாகத் தெரிந்தது. பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டு, சாயங்காலம் முதல் அவள் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். மலச்சிக்கல் வந்து, முக்கினால் இடுப்பில் மின்னல் வெட்டியது. நான் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்! பிறகு பழைய வேட்டிக் கரையைக் கிழித்து அவள் கையிலும் என் மணிக்கட்டிலும் கட்டினோம். இழுத்தால் எழுந்துவிடுவேன். பெட்பேனும் ஒரு பக்கம் தட்டையானதாகக் கேட்டு வாங்கினேன். அதற்கு இடுப்பை அதிகம் தூக்க வேண்டாம்.

தூங்கப்போகும் முன் கல்லாவைச் சரிபார்ப்பதுபோல் பாருங்கள்: எடை தரையிலோ கட்டிலிலோ தட்டாமல் தொங்குகிறதா, முடிச்சு கப்பியில் சிக்கியதா, ஆள் கீழே சறுக்கிப் பாதம் கட்டிலில் முட்டுகிறதா. பெல்ட் மடிப்பு, இடுப்பெலும்பு, குதிகால் சிவந்திருந்தால் உடனே சொல்லுங்கள், புண்ணாகிவிடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாமா, எவ்வளவு நேரம் பெல்ட்டைக் கழற்றலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னால் மறக்காமல் செய்ய வையுங்கள். பகலில் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுங்கள், நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம்.

ஒன்றில் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உட்காருமிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமலோ தானாகவோ போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது சாதாரண முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுக்கவைப்பது குறைந்து, நடமாடத்தான் சொல்கிறார்கள். ஆகவே எத்தனை நாள், எதற்காக என்று கேட்பதில் தவறில்லை.

தட்டை பெட்பேனும் கட்டில் கட்டைகள் இரண்டும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் கேளுங்கள், இறக்கித் தருகிறேன்.