லாலாங் புல்லில் பதுங்கும் காய்ச்சல்



நாயின் காதில் ஒட்டும் உண்ணியை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு உறவான சிற்றுண்ணி ஒன்று, லாலாங் புல்லிலும் புதரிலும் எலிகளை அண்டி வாழ்கிறது. அதன் குஞ்சு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அது கடிப்பதால் வருவதே உண்ணிக் காய்ச்சல்.

கடித்த இடம் வலிப்பதில்லை. ஏறக்குறைய பத்து நாள் கழித்தே கடுங்காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். மலேரியா என்றெண்ணி வீட்டிலிருக்கும் மாத்திரையை விழுங்கிக் காலங்கடத்துகிறோம். சுருட்டு சுட்டாற்போன்ற கரும்பொருக்கு ஒன்று பலருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருக்கும். வெட்கத்தால் அதனை மறைப்போர் பெண்டிர் மட்டுமல்லர், ஆடவரும் உளர். டிரஸ்ஸரிடமோ கிளினிக்கிலோ அதனைக் காட்டுங்கள். புல் வெட்டிய நாளையும் கூறுங்கள்.

குளோரம்பெனிக்கால் மருந்து இந்நோயைத் தீர்க்குமென்று 1948இல் நம் கோலாலம்பூரிலேயே கண்டறிந்தார்கள். இன்று டாக்சிசைக்ளின் தருகிறார்கள். தாமதித்தால் நுரையீரலும் மூளையும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஓய்வு நேரத்தில் வெறும் புல்லில் அமராதீர்கள். வேலை முடிந்ததும் உடுப்பைத் துவைக்கப் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளியுங்கள்.