ஒற்றும் காதலும்



திருவள்ளுவர் ஒற்றாடலைப் பொருட்பாலில் வைத்தார். காதலைக் காமத்துப்பாலில் வைத்தார். அரசன் ஒற்றரை ஆளும் முறை வேறு, தலைவனும் தலைவியும் மனங்கலக்கும் முறை வேறு. இவ்விரண்டையும் ஒரே பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டால் அவள் கதி என்னவாகும் என்னும் கேள்வியை, இரண்டாம் உலக யுத்தத்தின் புகை அடங்கியும் அடங்காமலும் இருந்த நாட்களில், ஹாலிவுட்டில் ஒரு திரைப்படம் எழுப்பிற்று. ஆல்பிரட் ஹிட்ச்காக் டைரக்ட் செய்து 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நொட்டோரியஸ்’ என்பதே அந்தப் படம்.

கதை மயாமி நகரத்து நீதிமன்றத்தில் தொடங்குகிறது. ஜெர்மானியருக்காகத் துரோகம் செய்த ஒருவன் தண்டனை பெறுகிறான். அவனுடைய மகள் அலீஷியா, தந்தையின் பழியை மதுவில் மறக்க முயன்றுகொண்டிருக்கும்போது, டெவ்லின் என்னும் அமெரிக்க உளவு அதிகாரி அவளைச் சந்தித்து, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் அரசாங்கத்துக்கு அவளால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு என்கிறான். அது இன்னது என்று அவனுக்கே தெரிவதற்கு முன் இருவருக்கும் இடையே காதல் அரும்பிவிடுகிறது. பிறகுதான் உத்தரவு வருகிறது: அவளை ஒரு காலத்தில் விரும்பிய செபாஸ்டியன் என்பவனுடைய மனத்தை அவள் மீண்டும் கவர்ந்து, அவன் வீட்டில் கூடும் நாஜிகளின் அந்தரங்கத்தை அறிந்து சொல்ல வேண்டும். ‘போகாதே’ என்று டெவ்லின் ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருக்கிறாள். ‘போகமாட்டேன்’ என்று அவளாகவே சொல்லட்டும் என்று அவன் காத்திருக்கிறான். இருவரும் சொல்லாமல் போகவே, அவள் போகிறாள். போனதோடு அமையாமல் செபாஸ்டியனை மணந்தும் கொள்கிறாள். அவளுக்குப் பகைவர் வைக்கும் விஷம் பின்னால் வருவது. முதல் விஷம் இந்த மௌனந்தான்.

படம் பிறந்த கதையும் ருசிகரமானது. முதல் உலக யுத்தத்தை ஒட்டி ஜான் டெய்ன்டர் ஃபூட் என்பவர் எழுதி 1921-இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்த கதையிலிருந்து வித்தை எடுத்துக்கொண்டு, ஹிட்ச்காக்கும் பென் ஹெக்ட் என்னும் கதாசிரியரும் அதை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி வளர்த்தார்கள். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்நிக், தம்முடைய வேறொரு படத்தில் பணம் வெள்ளமாகக் கரைந்துகொண்டிருந்ததால், டைரக்டர், கதாநாயகி இங்கிரிட் பெர்க்மன், கதாசிரியர், திரைக்கதை ஆகிய எல்லாவற்றையும் ஒரு சேர எட்டு லட்சம் டாலருக்கும் லாபத்தில் பாதிக்கும் ஆர்.கே.ஓ. கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஒரு பெண்ணை மேலதிகாரிகள் ஒரு காரியத்துக்காகக் கைமாற்றும் கதை, தானே கைமாறியது ஒரு வேடிக்கை. ஆனால் அந்தக் கைமாற்றத்தினால் தயாரிப்புப் பொறுப்பு ஹிட்ச்காக்கின் கைக்கே வந்து சேர்ந்தது.

நாஜிகள் ஒளித்து வைத்திருக்கும் பொருள் என்ன? மது பாட்டில்களுக்குள் யுரேனியத் தாது என்று முடிவு செய்தார்கள். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி குண்டு விழுவதற்கு முன்பே இதைத் தாம் எண்ணியதாகவும், ராபர்ட் மில்லிகன் என்னும் பௌதிக விஞ்ஞானியிடம் சென்று விசாரித்ததாகவும், அதனால் அரசாங்கத்தின் ரகசியப் போலீஸார் தம்மைக் கொஞ்ச காலம் கண்காணித்ததாகவும் ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொல்லி மகிழ்வதுண்டு. ஆயினும் அவருடைய கொள்கைப்படி, யுரேனியம் கதையை நகர்த்தும் ஒரு வியாஜமே தவிர வேறில்லை. 1951-இல் மேற்கு ஜெர்மனியில் படம் வெளியானபோது நாஜிகளையும் யுரேனியத்தையும் மறைத்து, போதை மருந்துக் கடத்தலாகப் பேச்சை மாற்றிவிட்டார்கள். அப்படி மாற்றியும் அலீஷியாவின் துயரம் அப்படியே நின்றது என்றால், அந்தக் கொள்கைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அக்காலத்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கடுமையானவை. நீண்ட முத்தத்துக்கு இடமில்லை. ஹிட்ச்காக் விதியை மீறவில்லை. அதற்குள்ளேயே வழி கண்டார். டெவ்லினாக நடித்த கேரி கிராண்டும் அலீஷியாவாக நடித்த பெர்க்மனும் பால்கனியிலிருந்து தொலைபேசிக்கும், தொலைபேசியிலிருந்து வாசற்கதவுக்கும், ஒருவரையொருவர் விடாமல் நடக்கிறார்கள். சிறு முத்தம், ஒரு பேச்சு, மறுபடி சிறு முத்தம் என்று ஏறக்குறைய இரண்டரை நிமிஷம் அந்தக் காட்சி நீள்கிறது. அவர்கள் பேசுவதோ அன்றிரவுக் கோழிக்கறிச் சாப்பாட்டைப் பற்றி. டெவ்லின் தன்னைக் காதலிப்பதாக வாய்விட்டுச் சொன்னதில்லை என்று அவள் விளையாட்டாகக் குறை சொல்லும்போதுகூட அவன் நழுவிவிடுகிறான். பின்னால் வரப்போகும் விபரீதம் முழுவதும் அந்த நழுவலில் அடங்கியிருக்கிறது.

மற்றொரு காட்சி, செபாஸ்டியனின் மாளிகையில் நடக்கும் விருந்து. மாடிப்படியின் உச்சியில் நின்று கூடம் முழுவதையும் பார்க்கும் காமிரா, சிறிது சிறிதாகக் கீழிறங்கி, கூட்டத்தைக் கடந்து, அலீஷியாவின் கைக்குள் மறைந்திருக்கும் ஒரு சாவியில் வந்து முடிகிறது. கணவனிடமிருந்து அவள் திருடிய மதுக் கிடங்கின் சாவி அது. ஒரு பக்கம் ஷாம்பேன் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. தீர்ந்தால் செபாஸ்டியன் சாவியைத் தேடுவான். இங்கே கடிகாரமும் துப்பாக்கியும் தேவைப்படவில்லை. பாட்டில்களின் எண்ணிக்கையே நம் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது.

செபாஸ்டியனாக நடித்த கிளாட் ரெயின்ஸ், பெர்க்மனைவிடக் குள்ளமானவர். காட்சிக்குக் காட்சி அவரைச் சாய்தளத்தில் நடக்க விட்டும் வேறு யுக்திகளாலும் சமாளித்தார்கள். அவருடைய தாயாக நடித்த லியோபோல்டின் கான்ஸ்டன்டின் அவரைவிட மூன்றே வயது மூத்தவர்! ஆனாலும் அந்தத் தாயின் ஆதிக்கத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. மருமகள் ஒற்றென்று தெரிந்ததும் காப்பியில் சிறுகச் சிறுக விஷம் கலக்கும் யோசனை அவளுடையது. மகனோ, தவறு செய்தவனை உயிரோடு விடாத தன் கூட்டாளிகளுக்கு அஞ்சி, ஒற்றை மணந்த கதையை வெளியே சொல்ல வகையற்றுத் தவிக்கிறான்.

இங்கேதான் ஹிட்ச்காக்கின் துணிவு தெரிகிறது. காதலைத் தயங்காமல் வாய்விட்டுச் சொன்னவன் பகைவனாகிய செபாஸ்டியன். சொல்லாமல் வதைத்தவன் நாயகனாகிய டெவ்லின். அவன் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் விஷத்தால் எழவும் முடியாத நிலையில் கிடக்கிறாள். அவள் நலங்குன்றியிருப்பதை அவன் முறையிட வரும்போது, மேலதிகாரி படுக்கையில் சாய்ந்தபடி பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டே கேட்கிறார். தேசத்தின் காரியம் அவளால் நிறைவேறியது. அவள் கொடுத்த விலையைக் கணக்கில் எழுத அந்த அலுவலகத்தில் ஏடு இல்லை.

அலீஷியாவின் ஒழுக்கத்தைப் பற்றி அதிகாரிகள் ஏளனமாகப் பேசுகிறார்கள்; அந்த ஒழுக்கத்தையே ஆயுதமாகப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்கிறார்கள். யுத்த காலத்து ஒற்றுக் கதைகள் பலவற்றில் நல்லவர் தீயவர் என்னும் பிரிவு கொடியைப் பொறுத்து அமையும். இந்தப் படமோ, நியாயம் நம் பக்கம் இருந்தாலும், அந்த நியாயத்துக்காக ஒரு மனுஷியை எவ்வளவு தூரம் உபயோகிக்கலாம் என்று நம் பக்கத்தாரையே நிறுத்திக் கேட்கிறது. வெற்றி பெற்றவர்கள் தங்களைப் பார்த்தே அப்படிக் கேட்டுக்கொள்ள, யுத்தம் முடிந்த மறு வருஷமே ஒரு படம் வழி செய்தது என்பதே அதன் பெருமை.