வண்டி ஏன் வரவில்லை?



ரயில் நிலையத்தில் எழுதி வைத்திருக்கும் கால அட்டவணையை நாம் வெறும் மணிகளின் பட்டியலாகவே பார்க்கிறோம். அதை வகுப்பவர்களுக்கோ அது வேறொன்று. எந்த வண்டி எங்கே புறப்பட்டு எங்கே திரும்பும், இரவில் எந்தப் பணிமனைக்குப் போகும், அதை எந்த ஓட்டுநர் செலுத்துவார் என்பனவெல்லாம் அதனுள் பின்னிக் கிடக்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஈரூர்களுக்கிடையே ஒரு மணி நேரப் பயணம். ஒவ்வொரு முனையிலும் திரும்புவதற்குக் கால் மணி. ஒரு வண்டி போய் வந்து மறுமுறை புறப்பட இரண்டரை மணி ஆகும். மணிக்கு ஒரு வண்டி விடுவதற்கு எத்தனை வண்டிகள் தேவை? மூன்று. இரண்டே இருந்தால் 75 நிமிடங்களுக்கு ஒன்றுதான் விடலாம். பழுது பார்க்க ஒன்றை நிறுத்தி வைக்கவேண்டும் என்றால் நான்கு வேண்டும். இந்த நான்காவது வண்டியை வீண் செலவு என்று எண்ணுகிறவர்கள் எந்நாட்டிலும் உண்டு.

இக்கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதை 1830-லேயே லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ரயில் ஓடிய வட இங்கிலாந்து 2018-இல் கண்டது.

அங்கே கிளைப் பாதைகள் பலவற்றில் ‘பேஸர்’ என்னும் சிறு டீசல் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1980-களில் சிக்கனத்தை முன்னிட்டுச் செய்யப்பட்டவை அவை. பஸ்ஸின் உடலமைப்பைத் தழுவிய பெட்டி. பெட்டிக்கு நான்கே சக்கரங்கள். வளைவுகளில் அவை எழுப்பும் கிறீச்சொலி பெயர் பெற்றது. அவற்றை ஒழிப்பதற்குத் திட்டமும் இருந்தது. மான்செஸ்டரிலிருந்து போல்டன் வழியாகப் பிரெஸ்டன் செல்லும் பாதையை மின்மயமாக்கினால் அங்கே மின்சார வண்டிகள் ஓடும். அங்குள்ள டீசல் வண்டிகள் வேறு பாதைகளுக்குப் போகும். பழையவை ஓய்வு பெறும். ஒன்று நகர்ந்தால்தான் மற்றொன்று நகரும்.

முதற்கல்லே நகரவில்லை. மின்கம்பங்களை ஊன்றுவதற்கு நிலம் எதிர்பார்த்தபடி இடங்கொடுக்காமற் போகவே, வேலை ஆண்டுக்கணக்கில் பின்தங்கியது. 2018 மே மாதப் புதிய அட்டவணைக்குள் அப்பாதை தயாராகாது என்பது அவ்வாண்டு ஜனவரியில்தான் உறுதியாயிற்று. நார்தர்ன் என்ற ரயில் நிறுவனம், வழக்கமாக 40 வாரங்கள் எடுக்கும் வேலையைப் பதினாறே வாரங்களில் திரும்பச் செய்ய நேர்ந்தது.

மே 20 அன்று புதிய அட்டவணை அமலுக்கு வந்தது. வண்டிகள் இருந்த இடங்களில்கூட அவற்றை ஓட்டுவதற்கு ஆளில்லை! ஓட்டுநர் ஒருவர் தாம் பழகி அறிந்த பாதையில், பழகிய வகை வண்டியைத்தான் செலுத்தலாம் என்பது விதி. சைகை மரம் எங்கே, வளைவு எங்கே, இறக்கம் எங்கே என்பது அவருக்கு மனப்பாடமாக வேண்டும். நம் நாட்டு ஓட்டுநர்களும் அப்படிப் பாதை பழகிய பின்னரே பொறுப்பேற்கிறார்கள். அங்கே அட்டவணை கடைசி நேரத்தில் மாறியதால் பயிற்சிக்கு நாளில்லாமற் போயிற்று. வண்டிகள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. ஜூன் 4 முதல் நாளொன்றுக்கு 165 வண்டிகளைக் குறைத்து ஓர் இடைக்கால அட்டவணை போட்டார்கள்.

இதில் என் மனத்தை வருத்துவது விண்டர்மியர் கிளைப் பாதையின் கதை. ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பகுதியில் பத்து மைல் நீளமே உள்ள ஒற்றைப் பாதை அது. மின்கம்பம் தாமதமானதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் ஜூன் 4 முதல் இரு வாரங்களுக்கு நார்தர்ன் அங்கே ஒரு வண்டிகூட விடவில்லை, பஸ்களே ஓடின. மே, ஜூன் மாதங்கள் அந்நாட்டுப் பள்ளிகளில் தேர்வுக் காலம் என்பதை நீங்கள் எண்ணிப் பாருங்கள். பெரிய பாதையில் தவறு நேர்ந்தால் அதன் விலையைச் சின்னப் பாதை செலுத்துகிறது. கேட்பதற்கு அங்கே ஆள் குறைவு அல்லவா? ஜூன் 18 முதல் உல்லாசப் பயண வண்டிகள் நடத்தும் வேறொரு நிறுவனம் பழைய டீசல் இஞ்சின்களுடன் வந்து, இரு வாரங்கள் அங்கே போக்குவரத்தை நடத்திற்று.

ரயில்வே ஒழுங்குமுறை அலுவலகத்தின் தலைவராயிருந்த ஸ்டீபன் கிளெய்ஸ்டர் இதை விசாரித்தார். பாதைக்கு ஒரு நிறுவனம், வண்டிக்கு வேறொன்று, மேற்பார்வைக்கு அரசாங்கம். ஆனால் முழுமைக்கும் பொறுப்பேற்றவர் ஒருவருமில்லை என்பது அவர் கண்ட முடிவு. அட்டவணையைத் தள்ளி வைக்கலாம் என்று துணிந்து சொல்வதற்கு ஒருவர் இருந்திருந்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

போல்டன் வழியே மின்சார வண்டிகள் 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கின. 2020 மார்ச்சில் நார்தர்ன் பகுதியின் ரயில் சேவையை அரசாங்கமே ஏற்றது. 2019 முடிவுக்குள் போய்விடும் என்றிருந்த பேஸர்கள், புதிய வண்டிகள் வந்து சேரத் தாமதமானதால், அங்கே 2020 நவம்பர் வரை ஓடின. அவற்றுள் ஒன்று, அறிவியல் ஆய்வுக்கூடமாக வைத்துக்கொள்ளும்படி டர்ஹாம் பகுதியிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்கு அளிக்கப்பட்டது.