மின்னும் கல்லுக்கு ஒரு பெயர்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கால் வைக்கிற இடமெல்லாம் மணலும் சிப்பியும்தான். அங்கே மின்னும் கல் ஒன்று கிடைத்தால் ஆரணியாறு உருட்டி வந்ததாக இருக்கலாம். யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியதாகவும் இருக்கலாம்.

நகம் பட்டதும் ஏடு ஏடாக உரிந்தால் அது காக்காப்பொன். கண்ணாடியைக் கீறினால் பெரும்பாலும் குவார்ட்ஸ். பொன்னாக மின்னுகிறதா? மெருகில்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பார்க்கலாம். தங்கம் மஞ்சள் கோடு போடும். கருங்கோடு விழுந்தால் பைரைட், அதாவது வெறும் இரும்பும் கந்தகமும். அடகுக்கடைப் பக்கம் போகவே வேண்டாம்!

கல்லை அடையாளம் கண்ட கதைகளில் சுவையானது கல்கத்தாவில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையை 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்தார். நீலச்சாயல் குவார்ட்ஸும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் கலந்த அந்தக் கல், நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையேதான்! சென்னையிலிருந்து வங்காளம் போன கல். புதைக்கப்பட்டவரின் பெயரையே பாறைக்கும் சூட்டினார் ஹாலந்து: சார்னோகைட். பரங்கிமலையில் உள்ள அந்தப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்.