கூறை என்றொரு கலியாணச் சொல்

தைப்பொங்கலை ஒட்டிக் கனடாவின் அஜக்ஸ் ஊரில் கூடியிருக்கும் பெரியோரே, தாய்மாரே, பிள்ளைகளே!

ஒரே ஒரு கலியாணச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: கூறை. வல்லின றகரம். வீட்டுக்கு மேலே வேய்வது கூரை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொண்டுவரும் கலியாணச் சேலை கூறை.

கூறு என்றால் பகுதி. தறியில் நெய்ததைக் கூறாக அறுத்து எடுப்பதால் கூறை என்பர் சொல்லாய்வாளர். துணித்தது துணி. துண்டித்தது துண்டு. அறுத்தது அறுவை, மதுரையில் துணி விற்ற சங்கப் புலவரின் பெயரே அறுவை வாணிகன் இளவேட்டனார். ஆடைக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் தறியடியில் பிறந்தவை. கூறையும் ஒரு காலத்தில் எந்த ஆடைக்கும் பொதுப்பெயர்தான். இன்று கலியாணம் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. மயிலாடுதுறையில் நெசவாளர் வாழ்ந்த பகுதிக்குக் கூறைநாடு என்றே பெயர். பட்டும் பருத்தியும் கலந்து அங்கே நெய்த கூறைச்சேலை புகழ்பெற்றது.

அகநானூற்று 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். உழுந்து சேர்த்த களி, மணல் பரப்பிய பந்தல், மணமகளை நீராட்டும் பிள்ளை பெற்ற மகளிர் நால்வர். அங்கே தாலி இல்லை, தீவலம் இல்லை. ஆனால் மணமகளின் கோடியாடை இருக்கிறது! கூறை என்ற சொல் அந்தப் பாட்டில் இல்லாவிட்டாலும், புத்தாடை நம் கலியாணத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு அதுவே சான்று.

யாழ்ப்பாண முறை உங்களுக்குத் தெரியும். கூறையும் தாலிக்கொடியும் வைத்த தட்டு சபைக்கு வருகிறது. பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கிறார்கள். பெண் உள்ளே போய்க் கூறை உடுத்தி வந்த பிறகுதான் தாலி ஏறுகிறது. கெட்டிமேளத்துக்கு முந்திய அந்த நேரத்தைத்தான் நான் கலியாணத்தின் நடுநாயகம் என்பேன்.

நம்முடைய இந்த ஊருக்கு, 1939இல் பிளேட் ஆற்றுமுகத்தில் போரிட்ட அஜக்ஸ் கப்பலின் பெயரை வைத்தார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கூறையின் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

கலியாண வீட்டாரே, நிகழ்ச்சி நிரலை அச்சடிக்கும்போது ‘சாரி’ என்று போட்டு விட்டுவிடாதீர்கள். கூறை என்று தமிழில், றகரத்தோடு போடுங்கள். கூறைத்தட்டு சபைக்கு வரும்போது அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ ஒலிவாங்கியைக் கொடுங்கள். இது என்ன, ஏன் என்று அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லட்டும்.